ரிப்போர்ட்டில் இல்லாத கிருமி

உலகில் இதுவரை தோன்றிய மதங்கள் அனைத்தையும்விட ஒரு சோதனைக்கூடத்து ரிப்போர்ட் மேலானது. மதங்கள் பொய்த்திருக்கின்றன, ரிப்போர்ட் பொய்த்ததில்லை. இது தமிழரசனின் கொள்கை. ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறார். வீடு பெரம்பலூரில். எந்தக் கோயில் வாசலிலும் அவர் செருப்பைக் கழற்றியதில்லை. உள்ளே போனதில்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை.

அவர் மனைவி வளர்மதி வாலிகண்டபுரத்தில் பள்ளி ஆசிரியை. புற்றுநோய்க்கு இடது மார்பை எடுத்தபின் ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். போர்டின் உச்சியில் எழுதக் கையைத் தூக்கினால் பஞ்சு தோளுக்கு ஏறிவிடும். ஆகவே கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினாள். கடைசி பெஞ்சு எழுந்து நின்று படித்தது. மார்பைத் திரும்ப அமைக்கிற ஆபரேஷன் உண்டு என்று தெரிந்ததும் முதலில் தலையாட்டியவர் தமிழரசன்தான்.

“இடிஞ்சா திரும்பக் கட்டுறதில்லையா? நான் சிமெண்ட்டுக்காரன், மதி.”

திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே சிலிக்கோன் பை வைத்துத் தைத்தார்கள். விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போன அன்று வளர்மதி போர்டின் உச்சியில் தேதி எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

அடுத்த மாதம் தையல் ஓரம் சிவந்தது. பிறகு ஊசி குத்தியது போல ஒரு துளை விழுந்து, அதிலிருந்து தண்ணீர் மாதிரி கசிந்தது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது: எந்தக் கிருமியும் வளரவில்லை.

தமிழரசன் அதை லேமினேட் செய்யாததுதான் பாக்கி.

“உள்ள சுடுதுங்க.”

“ரிப்போர்ட்ல ஒன்னுமில்ல மதி. உனக்குச் சூட்டு ஒடம்பு.”

“தைச்ச எடத்துல மட்டுமா சூட்டு ஒடம்பு?”

மாத்திரையை மாற்றினார்கள். கசிவு நிற்கவில்லை. துணைக்கு வந்திருந்த வளர்மதியின் தங்கை நந்தினி, சிறுவாச்சூர் காளிக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டாள். அங்கே கடை மாவு செல்லாது. ஊறவைத்த அரிசியைக் கோயிலுக்கே கொண்டுபோய், அங்குள்ள உரலில் இடித்துத்தான் விளக்கு பிடிக்க வேண்டும்.

“வெல்லம் கலப்பியா?” என்றார் தமிழரசன்.

“கலக்காம எப்படி மாமா?”

“அப்ப நல்லதுதான். இனிப்புன்னு கேள்விப்பட்டு இன்னும் நாலு கிருமி குடும்பத்தோட வரும்.”

“ஆயுத பூஜைக்கு உங்க மெஷினுக்கெல்லாம் பொட்டு வெக்கிறது யாரு மாமா?”

“அது மேனேஜ்மெண்ட் உத்தரவு.”

நந்தினி சிரித்துவிட்டாள். உள்ளறையில் வளர்மதி துணியை மாற்றிக்கொண்டிருந்தாள், அவள் சிரிக்கவில்லை.

இன்னும் இரண்டு துளைகள் விழுந்தபின் வேறு டாக்டரிடம் போனார்கள். பிரவீணா என்று பேர், சின்ன வயது. பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி கசிவை எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்பினார். கிருமி வளர்க்கிற தட்டை உடனே வீசாமல் வைத்திருந்து பார்க்கச் சொல்லி எழுதினார். சில நாள் கழித்துக் கிருமி வளர்ந்தது.

“காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை இது,” என்றார் டாக்டர். “மண்ணுல, தண்ணியில கெடக்கும். அபூர்வமாத்தான் காயத்துல ஏறும். சாதாரண கிருமின்னா ரெண்டு நாள்ல வளந்துரும், அதோட தட்டைத் தூக்கிப் போட்ருவாங்க. இது அதுக்கப்புறம்தான் தலைகாட்டும்.”

“எங்கேர்ந்து வந்துச்சுங்க?”

“சொல்ல முடியாது சார். பையை எடுத்தாகணும். அப்புறம் மாசக்கணக்குல மருந்து. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒருவேளை...” டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

வராந்தாவில் வளர்மதி சுவரோரம் உட்கார்ந்தாள். பிறகு, கோபமே இல்லாமல், வகுப்பில் பின் பெஞ்சுப் பையனைக் கேட்பது போலக் கேட்டாள்.

“சிமெண்ட்டுக் கட்டியைத் தண்ணியில போட்டு வெச்சு, இருபத்தெட்டாம் நாள் ஒடச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போடுவீங்க?”

“ஆமா.”

“ரெண்டாம் நாளே என்னைக்காச்சும் போட்டிருக்கீங்களாங்க?”

இருபது வருஷத்தில் ஒரு முறைகூட இல்லை. மேனேஜரே வந்து கேட்டபோதும் இல்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பையை எடுத்தார்கள். எடுத்த குழியிலும் சீழ் கட்டியது, மறுபடி திறந்தார்கள். மருந்து வயிற்றைப் புரட்டியது, காது இரைந்தது. “மருந்து கேக்கலாம், கேக்காமலும் போகலாம்,” என்றார் டாக்டர் பிரவீணா. வளர்மதி சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்தாள். பள்ளியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை காலை நந்தினி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். “மாமா, அக்காவுக்குத் திரும்பக் காய்ச்சல். கோயிலுக்குன்னு நேத்து அரிசி ஊறப் போட்டுட்டு வந்தேன், என்னால இப்ப நகர முடியாது. புளிச்சிரும், கோழிக்குப் போட்ருங்க.”

“சரிம்மா,” என்றார்.

அரிசியை வடித்துத் துணியில் முடிந்துகொண்டார். திருச்சி பஸ்ஸில் ஏறியவர் சிறுவாச்சூரில் இறங்கினார்.

உரல்களைச் சுற்றிப் பெண்கள்தான் இருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். “உலக்கையை அப்படி நடுவுல புடிக்காதீங்கண்ணே, கொஞ்சம் மேல.”

மேலே பிடித்தார். இடித்தார். சட்டையெல்லாம் மாவு. அவளிடமே சல்லடை வாங்கிச் சலித்தார். குருணை நின்றது. அதை மறுபடி உரலில் கொட்டினார்.

“போதும்ணே, இதுவே விளக்குக்கு வரும்.”

“இன்னும் நைசாகணும்மா,” என்று சொல்லிவிட்டு உலக்கையைத் தூக்கினார்.