பதினோராவது குறிப்பு

வெள்ளிக்கிழமை என்றால் அந்தப் பள்ளி அலுவலகத்தில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். பெற்றோருக்கான வாரக் கடிதம் பதினொரு மணிக்குள் அச்சாகி, நான்கு பக்கமும் சேர்த்துப் பின் அடிக்கப்பட்டு, நூற்று இருபது பிள்ளைகளின் பைகளுக்குள் போயாக வேண்டும். அதை எழுதுகிறவர் ஆபீஸ் டீச்சர். வேறொரு பள்ளியில் முப்பது வருஷம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றபின் இங்கே அலுவலக வேலைக்கு வந்தவர். நாற்காலி மாறியும் தோரணை மாறவில்லை என்பதால் பிள்ளைகள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான பள்ளி அது. மருத்துவச் சான்றில் டிஸ்லெக்சியா என்று இருக்கும். மனக்கணக்கை நொடியில் போட்டுவிடும், ஒரு முறை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லும். அச்சடித்த பக்கத்தை நீட்டினால் மட்டும் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று சேராமல் முரண்டு பிடிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகள்.

வாரக் கடிதத்தில் ஒற்றுப்பிழை வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்த வாரம் பதினான்கு குறிப்புகள். மூன்றாம் பக்கத்தில், பேருந்து நேர மாற்றத்துக்கும் தொலைந்துபோன நீல நிற மழைக்கோட்டுக்கும் நடுவில், பதினோராவது குறிப்பு இருந்தது.

"பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் மற்றும் சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகளைக் கோரும் மாணவர்தம் பெற்றோர், இணைப்பில் கண்ட படிவத்தைப் பூர்த்தி செய்து, உரிய சான்றுகளின் நகல்களுடன், எதிர்வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சமர்ப்பிக்குமாறு மூன்றாம் முறையாகவும் இறுதியாகவும் நினைவூட்டப்படுகிறார்கள்."

'இறுதியாகவும்' என்று தட்டச்சு செய்தபோது அவருடைய விரல்கள் நின்றன. வராந்தாவில் யாரோ நடக்கும் சத்தம். இலேசான, செருப்பில்லாத கால்கள். போகிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வருகிற சத்தம் இல்லை. எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். வராந்தா வெறிச்சென்று கிடந்தது.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. ஆறு வருஷத்துக்கு முன், இங்கே சேர்ந்த முதல் மாதத்தில், ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வாய்விட்டு வாசிக்கத் தங்கள் முறை நெருங்க நெருங்க இந்தப் பிள்ளைகள் என்னென்ன செய்வார்கள் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லிக்கொண்டே போனார். வயிறு வலிக்கிறது என்பார்கள். பென்சிலைக் கீழே போடுவார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்பார்கள். ஆபீஸ் டீச்சர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார். 'தண்ணீர்' என்ற இடத்தில் பேனா அசைய மறுத்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். படிக்கச் சொன்னால் போதும், "தண்ணி குடிச்சிட்டு வந்து படிக்கறேன் டீச்சர்" என்பான். முதல் வாரம் விட்டார். இரண்டாம் வாரம் வகுப்பே சிரிக்கும்படி, "வந்துட்டான்யா தண்ணி வண்டி!" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் ஆரம்பித்துத் தெரு வரைக்கும் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, "இன்னிக்கு முழுப் பாடத்தையும் நீதான் படிக்கற. போ, குடிச்சிட்டு வா" என்று அனுப்பினார். போனவன் போனவன்தான். பள்ளிக் கதவைத் தாண்டிப் போய்விட்டான். மறுநாள் இல்லை, மறு மாதமும் இல்லை. பட்டறையில் சேர்ந்துவிட்டதாக ஒருவர் சொன்னார், குடும்பமே இடம் மாறிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். டீச்சர் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டார். அத்தோடு மறந்தும் போனார்.

பயிற்சி நடந்த நாளிலிருந்து அந்தக் கால் சத்தமாக அவன் வர ஆரம்பித்தான். முகம் ஞாபகமில்லை என்பதுதான் கொடுமை. முகம் இருந்தால் ஒருவனைத் தேடலாம். இல்லாததால், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க எந்த ஆணைப் பார்த்தாலும் அவருக்குத் திக்கென்றது. பேருந்தில் சீட்டுக் கிழிப்பவர், மருந்துக்கடையில் பொட்டலம் கட்டுபவர், எதிர்வீட்டுக் கூரைமேல் ஓடு மாற்றுபவர். இவனாக இருக்குமோ? அவனாக இருக்குமோ?

பத்தாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். எட்டுப் படிவங்கள் வந்துவிட்டன. வராதது குருவியினுடையது. சிறு உடம்பும் ஓயாத பேச்சுமாக இருப்பதால் அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பெயர். போன வருஷம் அம்மா இறந்துபோனாள். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

கெடு நாளான மறு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி ஆயாம்மா தயங்கித் தயங்கி வந்தார். "குருவி வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கலாமா டீச்சர்? நாலு மணிதான் கெடு."

"மூணு வாரமா எழுதறேன். இதுக்கு மேல என்ன, வீட்டு வாசல்ல போய் நின்னு கூவணுமா? அந்தம்மா இருந்த வரைக்கும் எல்லாம் டாண்ணு வந்துடும். இந்த மனுஷன் ஒரு கையெழுத்துப் போட்டதுண்டா? பொண்ணுமேல அக்கறை இருந்தா தானா வரும்."

நான்கு மணிக்கு எட்டுப் படிவங்களும் உறையில் போடப்பட்டுத் தேர்வு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை, அனுப்பிய படிவங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். உடனே ஆள் அனுப்பி லிஃப்ட்காரரை வரவழைத்தார்கள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். தோளில் கருவிப் பை, நகக்கண்ணில் எல்லாம் கிரீஸ். அலுவலக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இருக்கும். ஆபீஸ் டீச்சருக்கு வழக்கம்போல் திக்கென்றது. அந்தப் பதற்றமே கோபமாக வெளியே வந்தது.

"நாங்க அனுப்பற கடிதத்தைப் படிக்கறதே இல்லையா நீங்க? மூணு தடவை எழுதியாச்சு. கண்ணு இருக்குல்ல?"

"பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சாம்மா?"

"இனிமேதான் ஆகணும். கூடுதல் நேரமும் கிடையாது, எழுத ஆளும் கிடையாது. உங்க பொண்ணு அந்த நாலு பக்கக் கேள்வித்தாளோட தனியா மல்லுக்கட்டணும். எல்லாம் இதுல இருக்கு. இந்தாங்க, பதினொண்ணாவது குறிப்பு. நீங்களே வாய்விட்டுப் படிங்க, எனக்கும் கேக்கட்டும்."

அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். விரல் ஒரு வரியின் கீழே போய் நின்றது. அது பேருந்து நேரம். அடுத்த வரிக்கு இறங்கியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாதங்கள் இரண்டும் தாமாக ஒட்டிக்கொண்டன. ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை செய்கிற மனிதர், ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்.

பிறகு, அவரை அறியாமலே சொன்னார்:

"தண்ணி குடிச்சிட்டு வந்து படிக்கறேன் டீச்சர்."

ஆபீஸ் டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார். தட்டச்சுச் சத்தம், மின்விசிறி, வெளியே பிள்ளைகளின் கூச்சல், எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இத்தனை வருஷம் போன கால்கள் இப்போது திரும்பி வந்து எதிரே நிற்கின்றன என்று நினைத்தார்.

"நீயா?" என்றார். "தம்பி, நீதானா அது? அஞ்சாங் கிளாஸ்... ஜன்னல் ஓரம்... என்னை மன்னிச்சிடுப்பா. எனக்கு அப்ப தெரியாது. சத்தியமா தெரியாது."

லிஃப்ட்காரர் ஒன்றும் புரியாமல் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். டீச்சர் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். தண்ணி வண்டி என்ற பெயரை, செவ்வாய்க்கிழமையை, சிவப்புக் கோட்டை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் மெல்லத் தலையை ஆட்டினார்.

"அது நான் இல்லம்மா. நான் படிச்ச ஊரே வேற. எங்களுக்கு ஒரு வாத்தியார், ஆம்பளை. அவர் என்னை மக்குப் பிளாஸ்திரின்னு கூப்பிடுவாரு. தண்ணின்னு சொல்லிட்டு ஓடினா அன்னிக்குப் பொழைச்சேன்னு அர்த்தம். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் என்ன மாதிரி ஒருத்தன் இருந்திருப்பான் போல."

அவர் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார்.

"எம் பொஞ்சாதிதான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுவா. அவ போனதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்குப் பயம். பொண்ணு பையிலேருந்து கடுதாசிய எடுத்துக் குடுக்கும். நானும் படிக்கற மாதிரி கொஞ்ச நேரம் பாத்துட்டு மடிச்சு வெச்சுடுவேன். அதாலயும் படிக்க முடியாது, என்னாலயும் முடியாது. அப்பன் ஒரு தற்குறின்னு அதுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு..." கருவிப் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். "அந்தப் பையன்கிட்ட கேக்க வேண்டிய மன்னிப்ப என்கிட்ட கேக்காதீங்கம்மா. அத வாங்கிக்க எனக்கு உரிமை இல்ல. எம் பொண்ணுக்கு என்ன செய்யப் போறீங்க, அதச் சொல்லுங்க."

அந்தக் கேள்வி டீச்சரை உலுக்கி எழுப்பியது. படிவத்தை எடுத்து, ஒவ்வொரு கட்டமாக அவரிடம் வாயால் கேட்டுத் தானே நிரப்பினார். கையெழுத்திடும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவர் தன் பெயரை ஓவியம் வரைவதுபோல் வரைந்தார். பிறகு இருவருமாகத் தேர்வு அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள்.

அங்கே இருந்த அதிகாரி படிவத்தைக் கையால்கூடத் தொடவில்லை. "கெடு முடிஞ்சுது. பெற்றோர் கவனக்குறைவுன்னு நூறு பேர் வர்றாங்க. எல்லாருக்கும் தளர்த்த முடியுமா?"

"பெற்றோர் கவனக்குறைவு இல்ல சார். எங்க தப்பு. என் தப்பு."

"அப்படின்னா எழுதிக் குடுங்க."

தொலைபேசியில் கேட்டபோது தலைமை ஆசிரியைக்கு மனம் வரவில்லை. பள்ளியின் பெயர் கெடும் என்றார். விசாரணை வந்தால் உங்கள் வேலைக்கே ஆபத்து என்றும் எச்சரித்தார். ஆபீஸ் டீச்சர் அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினார். 'வாசிக்க இயலாத பெற்றோருக்கு நான்கு பக்கக் கடிதம் அனுப்பிவிட்டு, அவருக்குத் தெரிவித்துவிட்டதாக நான் கருதிக்கொண்டேன். தவறு என்னுடையது.' அவர் வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே மிகச் சிறிய கடிதம் அதுதான்.

பாதிதான் பலித்தது. கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்தது. எழுதுபவர்களை எல்லாம் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார் அதிகாரி. டீச்சருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

குருவி தேர்வு எழுதினாள். ஒவ்வொரு நாளும் கடைசியாக வெளியே வந்தவள் அவள்தான். கணக்கில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அறிவியலில் தேறினாள். மொழிப்பாடத்தில் நாலே மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். முடிவு வந்த அன்று அலுவலகத்துக்கு வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை.

"எல்லா பதிலும் தெரியும் டீச்சர். மனசுல வரிசையா நின்னுச்சு. எழுத ஒரு ஆள் இருந்திருந்தா வாயாலயே சொல்லியிருப்பேன்."

"மறுதேர்வுக்கு ஆள் கேட்டு வாங்கியாச்சும்மா. நானே நேர்ல போய் வாங்கினேன்."

"தெரியும். அப்பா சொன்னாரு. அப்பாவுக்கும் என்ன மாதிரிதானாமே? எங்கிட்டயே மறைச்சுட்டாரு பாருங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு பேருமா சேந்து முட்டி மோதியாவது படிச்சிருப்போம்."

அவள் போனபின் ஆபீஸ் டீச்சர் தட்டச்சுப் பக்கம் திரும்பினார். வராந்தாவில் கால் சத்தம் கேட்டது. இந்த முறை எட்டிப் பார்க்கவில்லை. இதுவரை ஒரு பிள்ளைதான் அங்கே நடந்துகொண்டிருந்தது, இனி இரண்டு. முதல் பிள்ளைக்குச் செய்ததற்குத் தெரியாது என்றொரு சாக்கு இருந்தது. இரண்டாவதற்கு அதுவும் கிடையாது. ஆறு வருஷமாக எல்லாம் தெரிந்துகொண்டேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வாரக் கடிதம் இப்போது ஒரே பக்கம். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், ஒரு வாரத்துக்கு மூன்று செய்திக்கு மேல் இல்லை. அதோடு, அதே செய்திகளை டீச்சர் தன் குரலில் பதிவு செய்து எல்லாப் பெற்றோரின் தொலைபேசிக்கும் அனுப்பிவிடுகிறார். முதல் பதிவு போன அன்றே ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். அதுவரை ஒரு நாளும் கூப்பிடாதவர்கள். துணி தேய்க்கும் ஒரு தாய் சொன்னாள்: "மூணு வருஷமா பக்கத்து வீட்டம்மாகிட்ட குடுத்துத்தான் படிக்கச் சொல்வேன். அவங்க அவசரத்துல பாதிய முழுங்கிடுவாங்க. இன்னிக்குத்தான் முழுசாக் கேட்டேன்." ஒரு வங்கி அதிகாரிகூடக் கூப்பிட்டார். தனக்கும் சின்ன வயசிலிருந்தே வாசிப்பது மலை என்று, மனைவிக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னார்.

புதிய கல்வியாண்டின் முதல் வெள்ளிக்கிழமை. ஆபீஸ் டீச்சர் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியை முகத்தருகே பிடித்தார். பள்ளி திறக்கும் நேரத்தைச் சொன்னார். கண் பரிசோதனை முகாமைச் சொன்னார். சலுகைப் படிவம் பற்றிச் சொல்லிவிட்டு, நிரப்பத் தெரியாதவர்கள் நேரில் வந்தால் தானே நிரப்பித் தருவதாகவும் சொன்னார். மூன்றும் முடிந்துவிட்டன. ஆனாலும் அவர் பதிவை நிறுத்தவில்லை.

"கடைசியா ஒண்ணு. இது எல்லாருக்கும், முக்கியமா எங்கள மாதிரி வாத்தியாருங்களுக்கு. ஒரு பிள்ளை படிக்கலன்னா, ஒரு பெத்தவங்க பதில் போடலன்னா, ஏன் படிக்கலன்னு கேக்காதீங்க. படிக்க முடியுதான்னு கேளுங்க. அந்த ஒரு கேள்விய நான் ரெண்டு பேர்கிட்ட கேக்காம விட்டுட்டேன். ஒருத்தர் எங்க இருக்காருன்னே எனக்குத் தெரியாது. இன்னொருத்தரோட பொண்ணு மறுதேர்வுக்குக் காத்துட்டு நிக்குது. எழுத்து வராததுக்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். அது தெரியாம பட்டப்பேரு வெச்சமே, தெரிஞ்சும் கேக்காம இருந்தமே, நாங்கதான் வெட்கப்படணும்."