செப்பு பிரஷ்ஷுக்குக் கட்டிய பட்டு

பிள்ளையார்பாளையத்துப் பட்டு முறுக்கும் பட்டறையில் அன்று காலையிலிருந்தே அமர்க்களம். நூல் முறுக்கும் கதிர்களை ஓட்டும் நீண்ட இரும்பு ஷாப்ட் பக்கம் கை போனால் போதும், பொறி பறந்து விரலைச் சுண்டியது. இழைகள் சிலிர்த்துக்கொண்டு பட்பட்டென்று அறுந்தன. நூல் கட்டும் கலாவதி மூன்று தரம் ஷாக் வாங்கிக்கொண்டு, "அம்மாடியோவ், இன்னாபா இது!" என்று துள்ளினாள்.

முதலாளி கலியாணசுந்தரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். "நேத்து மோட்டாரைப் பிரிச்சவன் இந்த சாமுவேல்தானே? யார் கை வெச்சு இந்த வம்பு வந்துதோ, அவங்க இன்னிக்கே வெளியே!"

ஃபிட்டர் சாமுவேல் மோட்டாரைத் தனியாக ஓட்டிக் காட்டினான். அதில் ஒரு குறையும் இல்லை.

"இது மோட்டார் கரண்ட் இல்ல முதலாளி. பெல்ட் தேய்ஞ்சுக்கினே ஓடறதால ஷாப்ட்டுல மின்சாரம் ஏறுது. அத்த மண்ணுக்கு இறக்கத்தான் ஷாப்ட்டை உரசிக்கினு செப்பு பிரஷ் இருக்குது. அதுலேர்ந்து மண்ணுக்குப் போற வயரும் நல்லாத்தான் இருக்குது."

பிரஷ்ஷின்மேல் நேற்றைய வெள்ளிக்கிழமை பூஜை மாலை கிடந்தது. சாமுவேல் வேதக்காரன், கிறிஸ்தவன்; சாமிக்குப் போட்டதை விலக்கிப் பார்க்க அவனுக்குத் தயக்கம்.

அவன் ஓர் இரும்புக் கம்பியை ஷாப்ட் அருகே நீட்டினான். பளீர்! கையை உதறினான். பிறகு கம்பியில் பட்டுத் துணியை நாலு மடிப்பாகச் சுற்றிப் பிடித்து நீட்டினான். பொறி வந்தது, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீங்களா? பட்டு மின்சாரத்தை உடாது."

கலாவதி சட்டென்று பிரஷ் பக்கம் திரும்பினாள். பிரஷ் மொட்டையாக நிற்கிறதே என்று, பூஜையன்று அதற்குப் பட்டுத் துண்டு சுற்றி மாலை போட்டவள் அவளேதான்! சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் சாமுவேல் வேலை போகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆனாலும் காரணத்தைப் பிடித்துவிட்டோம் என்கிற குதூகலம் வாயை மூடவிட்டால்தானே!

"மிசினை நிறுத்துங்கபா! நிறுத்துங்க!"

ஷாப்ட் நின்றதும் ஓடிப்போய் மாலையை விலக்கி, துண்டை உருவினாள். மறுபடி ஓட்டினார்கள். சாமுவேல் வெறுங்கம்பியை நீட்டினான். ஒரு பொறி இல்லை. இழைகள் சாதுவாக ஓடின. பட்டறையே கூச்சல் போட்டது.

"யார் கட்டினது அது?" என்று உறுமினார் முதலாளி.

"நான்தான் முதலாளி!" சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாமி காரியம், நல்ல பட்டாக் கட்டுன்னு பீரோவுலேர்ந்து எடுத்துக் குடுத்தது நீங்க."

கலியாணசுந்தரம் அவள் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"இன்னா வேடிக்கை? போய் அறுந்த நூலைக் கட்டுங்க!" என்றார்.