கப்டனின் பொன்பட்டிகள்

அன்று கொழும்புத்துறையில் கப்டன் அடைக்கலநாதன் வீட்டு விறாந்தையில் நாலு பேர் இருந்தார்கள். கப்டனின் விதவை செபஸ்தியம்மா வாசலைப் பார்த்த கதிரையில். கப்டனின் தங்கை யோசப்பின் பாயில், காலை நீட்டிக்கொண்டு. கோயிலில் மாதா சொரூபத்துக்கு உடுப்பு மாற்றுகிற பணியாள், சங்கிலித்தாம் சிமியோன், வாங்கில், மடியில் ஒரு வெள்ளைத்துணிப் பொட்டலத்தோடு. நீர்வேலி அருளம்பலம் மேசைக்கு முன்னால்.

மேசையில் பரப்பிக் கிடந்தது அருளம்பலத்தின் அலைச்சல். ஒரு காலத்தில் பலாலி விமான நிலையத்தில் பயணிகளையும் பெட்டிகளையும் நிறுத்துத் துண்டு எழுதினவர் அவர். இரத்மலானையிலிருந்து பலாலிக்கும், அங்கிருந்து திருச்சிக்கும் டக்கோட்டா விமானம் ஓடத் தொடங்கின நாளில் அதை ஓட்டினவர் கப்டன். அவருடைய பறப்புப் பதிவேடுகள் மூன்று, சட்டையில் குத்துகிற செட்டைச் சின்னம், முதல் ஓட்டத்துக்கு விமானச் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து எடுத்த படம், பயணிகள் காதுக்கு வைக்கிற பஞ்சுப் பொட்டலம் என்று அருளம்பலம் சைக்கிளில் திரிந்து சேர்த்திருந்தார். திருச்சி லேபிள் ஒன்று சுன்னாகத்து வெங்காய வியாபாரி முருகேசுவின் ட்ரங்குப் பெட்டியில் ஒட்டியிருந்தது. ஈரத்துணி போட்டு, அரை நாள் காத்திருந்து உரித்தார். “பெட்டியையே தூக்கிக்கொண்டு போமன் காணும்” என்று முருகேசு அலுத்துப் போனார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. குண்டு போட வருகிற பொம்மர் எந்த வீட்டை எப்போது விழுத்துமென்று ஆருக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் இங்கிலாந்தில் பழைய விமானப் பொருட்களைக் காக்கும் நூதனசாலை ஒன்றுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு. அவர்களும் மறுமொழி எழுதியிருந்தார்கள்: சீருடை முழுசாக இருந்தால் கப்டனின் பெயரில் தனிக் கண்ணாடி அலுமாரி, இல்லாவிட்டால் பதிவேடுகளும் மற்றவையும் களஞ்சிய அறைக்கு.

சீருடைக் கோட்டு மேசையில்தான் இருந்தது. ஆனால் இரண்டு கையிலும் கப்டன் என்று காட்டுகிற பொன்பட்டிகள் இருந்த இடத்தில் நூல் ஓட்டைகள் மட்டும்.

“கோட்டு இருக்கெண்டு சொன்னியள், அக்கா. பட்டி இல்லையெண்டு சொல்லேல்லையே” என்றார் அருளம்பலம்.

“நீ கேட்டனியே, தம்பி?” என்றார் செபஸ்தியம்மா.

எண்பத்தேழில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. பொன்பட்டி போட்ட உடுப்பைக் கண்டால், பயணிகளை ஏற்றி இறக்கினவரின் உடுப்பென்று எந்தப் படைக்காரன் நம்புவான்? செபஸ்தியம்மா சவர அலகால் பட்டிகளை வெட்டியெடுத்தார். கிணற்றுக்குள் போட மனம் வரவில்லை. சிமியோனிடம் கொடுத்தார். சிமியோன் அவற்றை மாதாவின் போர்வைக் கரையில் வைத்துத் தைத்துவிட்டார்.

சிமியோன் பொட்டலத்தை அவிழ்த்து நீலப் போர்வையை மேசையில் விரித்தார். “பங்குச் சுவாமியிட்டைக் கேட்டிட்டன். செபஸ்தியம்மாவின்ரை பொருள், கேட்டால் குடு எண்டிட்டார்.”

“ஓம், மாதாவை மூளியா நிப்பாட்டிப்போட்டு வெள்ளைக்காரனுக்கு அனுப்புங்கோ” என்றார் யோசப்பின். “அருளம்பலத்தாருக்கு எல்லாம் நீர்வேலி வாழைக்குலை மாதிரி. ஒரு சீப்பும் குறையக்கூடாது.”

“மச்சாள், உங்கடை அண்ணைக்குத்தானே கேக்கிறன். மாதாவுக்குக் கோயில் இருக்கு. அவருக்கு ஒரு அலுமாரி கிடைச்சால் ஆகாதோ?” என்றார் செபஸ்தியம்மா.

யோசப்பின் நீட்டின காலை மடக்கிக்கொண்டார்.

அருளம்பலம் கடதாசியில் சுற்றியிருந்த சவர அலகை எடுத்து, முதல் தையலைத் தேடிக் குனிந்தார். நெருக்கமான தையல். ஒரு பக்கத்தில் மட்டும் பொன் கறுத்து, நூல் பிய்ந்து கிடந்தது.

“இஞ்சை ஏன் இப்பிடி?”

“கை பட்டுப் பட்டு, ஐயா. கடலுக்குப் போனவை விடிஞ்சும் வராட்டில் பெண்டுகள் வந்து உந்தக் கரையைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குங்கள். இப்ப பொம்மர் சத்தம் கேட்டாலும் அதுதான். பதுங்கப் பங்கருக்கு ஓடுங்கோ எண்டால் கேக்கினமே?” என்றார் சிமியோன்.

ஊரில் அம்மனுக்குச் சாத்தின சேலையில் சரிகையை உரியச் சொன்னால் தன் கை போகுமா என்று அருளம்பலம் நினைத்துப் பார்த்தார். போகாது. அலகைத் திரும்பக் கடதாசிக்குள் மடித்தார்.

“என்னாலை ஏலாது, அக்கா.”

“சுவாமியே ஓமெண்டிட்டார், தம்பி!”

“அவர் ஓமெண்டு சொல்லுவார். நாளைக்கு வந்து பிடிக்கிற கைக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?”

“அப்ப என்ரை மனுசன் களஞ்சியத்துக்குள்ளையோ?”

அருளம்பலம் தாளை எடுத்து, நூதனசாலைக்கு அனுப்புகிற பொருட்களை ஆங்கிலத்தில் எழுதி எழுதித் தமிழில் சொன்னார்: பதிவேடுகள், சின்னம், படம், பஞ்சு, லேபிள், பட்டிகள் இல்லாத கோட்டு.

“பட்டி துலைஞ்சு போச்செண்டு எழுதிவிடும். ஆர் வந்து பாக்கப்போறான்?” என்றார் யோசப்பின்.

செபஸ்தியம்மா எழும்பி மேசையடிக்கு வந்தார். போர்வையின் கறுத்த கரையை ஒருதரம் தடவினார்.

“துலையேல்லை. பாவனையிலை இருக்கெண்டு எழுது, தம்பி. கொழும்புத்துறையிலை எண்டு இடத்தையும் போடு. அலுமாரி தாறதெண்டால் தரட்டும், நாங்கள் கெஞ்சேல்லை.”

அருளம்பலம் அப்படியே எழுதினார். செபஸ்தியம்மா கீழே கையெழுத்து வைத்தார். கடித உறையில் பசை காய்ந்து போயிருந்தது. யோசப்பின் குசினிக்குள் போய் நாலு சோற்றுப் பருக்கையோடு வந்து, தானே நசித்துப் பூசி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். கிளாலிக் கடலேரி தாண்டிக் கொழும்புக்குப் போகப் புறப்பட்டு நின்ற பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா, அங்கிருந்து தபாலில் அனுப்புவதற்காக, பொருட்பொதியைச் சைக்கிள் கரியரில் கட்டி, கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.