பாலம் மூடியிருந்த பத்தொன்பது நாட்கள்

பாலத்தின் நடுவே தளங்களை இணைக்கும் இரும்புகள் தேய்ந்துவிட்டன என்று, மாற்றி முடிக்கும்வரை இரு முனையிலும் தடுப்புப் போட்டுவிட்டார்கள். என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அக்கரை நகரத்தில். சுற்றுவழியில் பஸ் மாறிப் போக நாலு மணி நேரம். அதற்குள் மனிதர் துவண்டுவிடுவார்.

தடுப்பருகே நின்ற மேஸ்திரியிடம் கெஞ்சினேன்.

"நடந்து போகவும் அனுமதி இல்லம்மா" என்றார் கடுகடுப்பாக.

"வா, சுத்தியே போவோம். பாவம், அவர் வேலைக்கு நாம ஏன் உலை வைக்கணும்?" என்றார் என் கணவர்.

மேஸ்திரி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு இன்ஜினீயரிடம் போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தவர் கையில் இரண்டு ஹெல்மெட்.

"போட்டுக்குங்க. நானும் கூட வரேன்."

சாமான் தள்ளும் வண்டியில் சாக்கை மடித்துப் போட்டு என் கணவரை உட்கார வைத்தார்கள் மேஸ்திரியின் ஆட்கள்.

"சிமெண்ட் மூட்டை போன வண்டில இன்னிக்கு எலும்பு மூட்டை போகுது" என்றார் இவர். மேஸ்திரிக்குப் பல் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெல்டிங் செய்தவர்கள் பொறி பறந்த வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள். பிரித்துப் போட்டிருந்த இடம் வந்ததும் நாலு பேர் வண்டியை அலுங்காமல் தூக்கி, பலகை வழியே அந்தப்பக்கம் வைத்தார்கள். மாலையில் திரும்பும்போதும் அப்படியே. மொத்தம் எட்டு முறை போய்வந்தோம். மழை பெய்த அன்று தலைக்குமேல் தார்ப்பாய் பிடித்தபடியே உடன் நடந்தார்கள்.

இரும்புக் கம்பி சுமந்து அவர்கள் தோள் கன்றிப்போயிருந்ததைக் கவனித்திருந்தேன். நான் தையல்காரி. கடைசி நாளன்று, கெட்டித் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்த, தோளில் போட்டுக்கொள்ளும் பதினோரு மெத்தைகளைக் கொண்டுபோனேன்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் மேஸ்திரி. "வேலை முடிஞ்சா எங்க பேரைக்கூட யாரும் கேக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர் பதினோரு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடறார். அதுவே போதும்."

போதும் என்றவர்தான் முதல் ஆளாகப் போட்டுப் பார்த்தார்.

பாலம் திறந்தபின் பஸ்ஸில் போனோம். நடுப்பகுதி தாண்டியதே தெரியவில்லை.

"தூக்கிப் போடவே இல்ல பாத்தியா?" என்றார் இவர், தானே செய்து முடித்த வேலையைப் போல. அதற்குள் அவர்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். தெரிந்தும் இவர் ஜன்னல் வழியே கையெடுத்துக் கும்பிட்டார். நானும்தான்.