ஒரு கரத்தைப் பார்க்கிறேன்

எல்லாரும் ஜெபத்தில் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்துத்தான் அமரர் ஊர்தி பின்பக்கமாகத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. தெரு என்பது பெயருக்குத்தான். இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும். சாக்கடை மேல் போட்டிருந்த கல்பலகையில் பழைய விரிசல் ஒன்று உண்டு. அதன்மேல் நாற்காலி போட்டு, சேத்தூர்ச் சொந்தக்காரர்கள் ஆறேழு பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வரலாமா என்று புருவத்தாலேயே கேட்டார். பந்தலில் கண்ணைத் திறந்து நின்றவள் பிரிஸ்கில்லா. அப்பாவின் பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்தபடியே வலது கையை மேலே தூக்கிக் காட்டினாள். நில்லுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

"ஒரு கரத்தைப் பார்க்கிறேன்," என்றது மைக். "ஸ்தோத்திரம்! ஒரு கரத்தைப் பார்க்கிறேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பாஸ்டர் காமராஜ் ஜெபத்துக்கு நடுவில் என்ன கேட்டார் என்பதே அவள் காதில் விழுந்திருக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. கருத்தையா அண்ணன் விட்டுவிட்டுப் போன இடத்தில் நிற்பதற்கு ஒரு வாலிபன், ஒரு வாலிப மகள் உண்டா, யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், கரத்தை மட்டும் உயர்த்துங்கள் என்று அவர் கேட்டு முடித்த மறுநொடி அவள் கை மேலே இருந்திருக்கிறது.

அந்தச் சபையில் இது வழக்கம்தான். வாலிபர் முகாமின் கடைசி நாளில் கேட்பார்கள், புதுவருட ஆராதனையில் கேட்பார்கள், ஊழியம் செய்த ஒருவர் இறந்துபோனால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் கேட்பார்கள். தூக்கிய கையைப் பாஸ்டர் ஒரு முறை பார்த்துவிட்டால் அதற்குமேல் கீழே இறக்கிப் பிரயோசனம் இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களை ஊரில் எல்லாருக்கும் தெரியும். கையைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் பிரிஸ்கில்லா ஒருத்திதான்.

"அது யாரோட கரம் தெரியுமா? அண்ணனோட சொந்த மகளோட கரம்!"

பந்தலே அழுதது. அம்மா வேலுத்தாய் எழுந்து வந்து, "எம்மக நிக்கிறாய்யா, எம்மக நிக்கிறா," என்று அவளைக் கட்டிக்கொண்டாள். நேற்று மாலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள், பானுப்பிரியா நீட்டிய டீயை வாங்கி இரண்டே மடக்கில் குடித்தாள். பானுப்பிரியா வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளர். அவளும் அழுதுகொண்டேதான் டம்ளரைத் திரும்ப வாங்கினாள். இதற்கு நடுவே போய், நான் வண்டிக்காரருக்குக் கை காட்டினேன் என்று எப்படிச் சொல்வது? ஊர்தி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சேத்தூர்க்காரர்கள் தப்பித்தார்கள்.

கருத்தையா நூற்பாலையில் ஃபிட்டர். ஆலையில் எடுக்கிற விடுப்பெல்லாம் சபைக்கு. சனிக்கிழமை மாலை அவர் வீட்டில் வாலிபர் கூடுகை, இரண்டாம் சனிக்கிழமை செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிக் குடியிருப்புகளில் ஊழியம், மே மாதம் பன்னிரண்டு நாள் ஒடிசாவுக்கு மிஷன் பயணம். ஏழு வயதில் பிரிஸ்கில்லாவை முதன்முதலாகக் கூட்டிப் போனார். மற்றப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் அத்தை வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போனார்கள். இவள் பொம்மலாட்டத்துக்குச் சிங்கத்தின் குரல் கொடுத்தாள், மருந்துப் பெட்டி சுமந்தாள், பாஷை தெரியாத பிள்ளைகளுக்குக் கையைத் தட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பொய் சொல்லக் கூடாது, பதினேழு பதினெட்டு வயது வரை அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. காய்ச்சல் பிள்ளைகள் அவள் மடியில் படுத்துத் தூங்கியிருக்கின்றன. ஆனால் இருபது மே மாதங்கள். வேலைகூட, ஊழியத்துக்கு லீவு தருவார்கள் என்று, உள்ளூர் பேண்டேஜ் கம்பெனி ஒன்றிலேயே பார்த்தாள்.

இப்போது திருப்பூரில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். கருத்தையா மகள் என்று ஒருவருக்கும் தெரியாத ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது எட்டு மணி வரை தூங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இந்த வருஷம் நான் ஒடிசாவுக்கு வரவில்லை என்று பத்து நாளைக்கு முன்பு அப்பாவிடம் சொன்னாள்.

"கர்த்தர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். போன்னாரு."

அதற்குப் பிறகு பத்து நாளும் அவர் பேசவில்லை. அவரில்லாமல் அவளும், அவளில்லாமல் அவரும் சாப்பிட்டு எழுந்தார்கள். நேற்று புதன்கிழமை, மலையடியில் பிள்ளைகளுக்கு நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில், ஆட்டோவிலிருந்து ஸ்பீக்கர் பெட்டியைத் தனியாக இறக்கியிருக்கிறார். அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு பக்கத்தை எப்போதும் பிரிஸ்கில்லா பிடிப்பாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்நேரம் அவள் வீட்டில், திருப்பூருக்குக் கொண்டுபோக வேண்டிய சுடிதார்களை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும், வேப்பமரத்தடிக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த பாஸ்டரிடம் போய் நின்றாள். எப்படியும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

"பாஸ்டர், நான் கை தூக்குனது அதுக்கு இல்ல. வண்டி பின்னால வந்துட்டு இருந்துச்சு. கல்லு ஒடைஞ்சிரும்னு நிப்பாட்டினேன். அம்புட்டுதான்."

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், ஆம்புலன்சில் அப்பாவின் தலையைக் கடைசிவரை மடியில் வைத்திருந்தவர் அவர்தான். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வண்டிக்காரரைச் சரியா அந்த நேரத்துல வர வச்சது யாரும்மா?"

அந்தச் சபையில் வளர்ந்தவளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்று தெரியும்.

"திங்கக்கெழம வேலையில சேரணும் பாஸ்டர்."

"வேலை எங்க ஓடிப்போகுது? பன்னண்டு நாள்தான. அவங்க ஒத்துக்குவாங்க. நான் ஜெபிக்கிறேன்."

பன்னிரண்டு நாள் என்றுதான் அப்பாவும் முப்பது வருஷத்துக்கு முன்னால் கிளம்பினார்.

சாயங்காலம் பானுப்பிரியா ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை மதுரையில் ஒடிசாவுக்கு ரயில். பதினாலு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று, இனி புதிதாகப் போட முடியாது, எல்லாம் நிரம்பிவிட்டது. ஆனால் குடும்பத்துக்குள் என்றால் ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் போதும்.

"அண்ணன் டிக்கெட்டை உன் பேருக்கு மாத்திருவோம் பிரிஸி. காலைல எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துரு, என்ன?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

அடுக்களையில் அம்மா, யாரோ கொண்டுவந்து வைத்த சாம்பாரைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பிரிஸ்கில்லா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாஸ்டரிடம் சொன்னதையே அம்மாவிடமும் சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே அம்மா குறுக்கிட்டாள்.

"தெரியும்ட்டி. நான் பாத்தேன்."

"என்னத்தைப் பாத்த?"

"முக்காட்டுக்குள்ள கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்தேன். அவிய மொகத்தை இன்னும் செத்த நேரந்தான பாக்க முடியும், அதை எதுக்கு மூடணும்? நீ வண்டிக்காரனுக்குத்தான் கை காட்டுன."

"பொறவு ஏம்மா என்னையக் கட்டிப்பிடிச்சு அப்படி அழுத?"

அம்மா கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியையே மறுபடியும் கழுவினாள்.

"சனிக்கெழமன்னா இந்த வாசல்ல இருபது சோடிச் செருப்பு கெடக்கும். கூட்டக்கூட முடியலன்னு உங்கப்பாவ எம்புட்டு வஞ்சிருப்பேன். நீயும் போயிட்டன்னா..."

கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஆதார் கார்டு டிவி பக்கத்துல இருக்கு. உனக்கும் உங்கப்பாவுக்கும் சேத்து எடுத்து வச்சிருக்கேன்."

பாஸ்டர்மேல் கோபப்பட்டுவிடலாம். பானுமேலும் படலாம். தெரிந்தே கதவைச் சாத்துகிற அம்மாவை என்ன செய்வது? பிரிஸ்கில்லா போய்க் கார்டுகளை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ராஜபாளையம் ஸ்டேஷனில், முன்பதிவு சன்னலுக்கு முன்னால் நான்கு பேர்தான் நின்றார்கள். பானுப்பிரியா சுவரில் வைத்தே விண்ணப்பத்தை எழுதி முடித்திருந்தாள். என்னால் பயணம் செய்ய இயலாததால் என் டிக்கெட்டை என் மகளின் பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு. அதற்குக் கீழே இடம் காலியாக இருந்தது.

"டிக்கெட்டுக்காரர் கையெழுத்து வேணும்," என்று காதோரம் சொன்னாள். "இறந்துட்டாருன்னா மாத்த மாட்டாங்களாம், ரத்துதானாம். விசாரிச்சிட்டேன். அண்ணன் கையெழுத்தை எப்பவும் நீதான போடுவ?"

அது உண்மைதான். ஆலையில் இயந்திரத்தில் சிக்கி விரல் நசுங்கிய பிறகு, சபைக் கடிதம், விடுப்புக் கடிதம், மலையடிக்குப் போக வனத்துறைக்கு எழுதும் மனு எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்தை அவர் சம்மதத்தோடு அவள்தான் போட்டுவந்தாள். போன வாரம்தான் பிள்ளைகளுக்குப் பொய்யைப் பற்றிப் பாடம் நடத்திய பானுப்பிரியா, பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தாள். பிரிஸ்கில்லா கருத்தையா என்று எழுதி, அவர் வழக்கப்படி அடியில் ஒரு கோடு இழுத்தாள்.

சன்னலுக்குள் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தார். இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கருத்தையா யாரு?"

"எங்கப்பா."

"அவரு வரலியா?"

ஒரு வார்த்தை போதும். செத்துப்போனார் சார், நேற்றுதான் அடக்கம். அவர் விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்துவிடுவார். பானுப்பிரியாவால் ஒன்றும் செய்ய முடியாது. பாஸ்டராலும் அம்மாவாலும் முடியாது. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் திங்கட்கிழமை பத்து மணி அவளுடையது. இரண்டு நாளாக அந்த வார்த்தையை யார் யாரோ சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்குப் போனில் பானு சொன்னாள், ஆலைக்குப் பாஸ்டர் சொன்னார். அவள் வாயால் இன்னும் ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"வீட்ல இருக்காரு சார்."

"உடம்புக்கு எதுவும் சரியில்லையா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்காரு."

அவர் தலையசைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். பின்னால் பானுப்பிரியா மெல்லிய குரலில் ஸ்தோத்திரம் என்றாள்.

"வயசு?"

"அம்பத்தேழு."

"உங்க வயசைக் கேட்டேன்மா," என்றார் அவர், விசைகளின் மேலிருந்து விரலை எடுக்காமல்.