கண்ணாடி வகுப்பு

மோட்டார் சைக்கிள் டாக்சியிலிருந்து இறங்கியதும் ஜோவெலின் முதலில் செருப்பை மாற்றினாள். ரப்பர் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பைக்குள் திணித்துவிட்டுக் கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டாள். பைக்குள் ஒரு சின்னக் கூடை, ஒரு மாம்பழம், இரண்டு வெங்காயம், ஓர் அவித்த முட்டை. பிழைப்புத் தேடி வந்த இந்தச் சோன்புரி நகரில் அவள் ஏறி இறங்கிய எல்லா மொழிப்பள்ளிகளுக்கும் அந்தக் கூடை கூடவே வந்திருக்கிறது. மாம்பழம் மட்டும் மாறும். வேலை கிடைக்காத அன்று அதை அவளும் தெஸ்ஸி அக்காவும் உப்பு தொட்டுத் தின்றுவிடுவார்கள். இதுவரை ஒரு மாம்பழமும் மிஞ்சியதில்லை.

பள்ளி, ஷாப்பிங் மாலின் இரண்டாவது மாடியில் ஐஸ்கிரீம் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருந்தது. வகுப்பறைக்கு நடைபாதைப் பக்கம் சுவர் கிடையாது, கண்ணாடிதான். கீழ்ப்பாதியில் யானையும் மீனுமாகப் படங்கள் ஒட்டியிருந்தார்கள், பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாது என்று. மேல்பாதி தெளிவாக இருந்தது, பெற்றோர் உள்ளே வேடிக்கை பார்க்கலாம் என்று. பெற்றோருக்கு மெத்தை நாற்காலி. வேலை கேட்டு வந்தவர்களுக்கு ஓரத்தில் ஒரு பெஞ்சு.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். வெயிலில் காய்ந்து சிவந்த நெடிய வெள்ளைக்காரன். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை, சட்டையில் நடுப்பொத்தான் இல்லை.

"நீங்க டீச்சர்?" என்று கேட்டான். அவன் ஆங்கிலம் கல்லும் முள்ளுமாக வந்தது.

"ஆமா. ஊர்ல ஒன்பது வருஷம் அரசாங்கப் பள்ளிக்கூடத்துல. நீங்க?"

"நான் ராட்கோ. பல்கேரியா. படகுல வேலை. முதலாளி படகு வித்தாச்சு. பாருல ஒருத்தன் சொன்னான், போ, டீச்சர் ஆகு, உனக்கு முகம் இருக்குன்னு."

"முகம் எல்லாருக்கும்தான் இருக்கு" என்றாள் ஜோவெலின். பிறகு பாவமாக இருந்தது. பையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "அதை முதல்ல மாட்டுங்க. வயிறு தெரியுது."

அவளை முதலில் கூப்பிட்டார்கள். சம்பளமில்லாத சோதனை வகுப்பு. வேலை கொடுப்பதற்கு முன்னால் எல்லாப் பள்ளியிலும் கேட்பதுதான். உள்ளே சின்னச் சின்ன முக்காலிகளில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். ஜோவெலின் கூடையைத் தரையில் வைத்துச் சந்தைக்காரி ஆனாள். வெங்காயத்தை முகர்ந்து தும்மினாள். முட்டையைக் கீழே போடுவது போல் போய்ப் பிடித்தாள். பிள்ளைகள் அலறின. கேட்கிறவருக்குத்தான் சரக்கு, ஆனால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். முழு வாக்கியமாக.

மூலையில் பிளாய் என்று ஒரு சிறுமி வாயில் விரலை வைத்தபடி இருந்தாள். அவள் வாயைத் திறக்க மாட்டாள், விட்டுவிடுங்கள் என்று வரவேற்பு மேசைப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். ஜோவெலின் விடவில்லை. தரையில் அவளுக்கு நேராக மண்டியிட்டு, மாம்பழத்தைப் பிளாயின் மூக்கருகே கொண்டுபோய், அப்படியே காத்திருந்தாள். வேறு பிள்ளைகள் கத்தினபோதும் திரும்பவில்லை. விரல் வாயிலிருந்து வெளியே வந்தது. எனக்கு மாம்பழம் வேண்டும் என்று பிளாய் ஆங்கிலத்தில், காற்றோடு காற்றாகச் சொன்னாள். ஜோவெலினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்பது வருஷமும் இந்த ஒரு நொடிக்காகத்தானே வேலைக்குப் போனாள்.

எழுந்து கண்ணாடி வழியே பார்த்தாள். வெளியே யாரும் பிளாயைப் பார்க்கவில்லை. கண்ணாடி தடிமன், சத்தம் போகாது. ஓர் அம்மாள் கைப்பேசியில் மூழ்கியிருந்தாள். இன்னொருத்தி வரவேற்புப் பெண்ணிடம் ஜோவெலினைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து ராட்கோ போனான். முதலில் தலை நிலைப்படியில் இடித்தது, பிள்ளைகள் சிரித்தன. பிறகு பந்தைத் தூக்கிப் போட்டான், பிடித்தான், இரண்டு கையையும் விரித்து வாயைப் பெரிதாகத் திறந்தான். பந்து, சிவப்பு, குட், வெரி குட். அதற்கு மேல் அவனிடம் சரக்கில்லை. வெளியே மெத்தை நாற்காலிகள் காலியாகின. பெற்றோர் கண்ணாடியோடு ஒட்டி நின்று படம் பிடித்தார்கள்.

பள்ளி நடத்துகிற நுய் அம்மாள் கெட்டவள் அல்ல. ஜோவெலினை அறைக்குள் கூப்பிட்டுக் குளிர்ந்த தேநீர் கொடுத்தாள்.

"உங்க பாடத்தை நான் உள்ளேயிருந்து கேட்டேன் டீச்சர். பிளாய் பேசிட்டா. நாலு மாசமா இங்க வர்றா, இன்னிக்குத்தான் அவ குரலையே கேக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"ஆனா வெளியே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கேக்காதே. அவங்க பாக்கத்தான் முடியும்." நுய் தன் வளையலைத் திருகினாள். "தப்பா நினைக்காதீங்க. நீங்க பாக்க எங்க ஊர்ப் பொண்ணு மாதிரியே இருக்கீங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்களும் இப்படித்தானே இருக்காங்க, இதுக்கா இவ்வளவு ஃபீஸ் வாங்கறீங்கன்னு ஒருத்தங்க கேட்டுட்டாங்க. சொல்லி அனுப்பறேன் டீச்சர்."

சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன பொருள் என்று ஜோவெலினுக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாற்றிக்கொண்டாள்.

அறையில் தெஸ்ஸி அக்கா ஜன்னலை இறுக மூடிவிட்டுக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். நாற்றம் என்று பக்கத்து அறைக்காரன் மறுபடியும் புகார் செய்தால் வீட்டுக்காரி இருவரையும் வெளியே தள்ளிவிடுவாள். தெஸ்ஸி ஒரு பாலர் பள்ளியில் ஆயா. ஊரில் கணக்கு வாத்தியார்.

"மாம்பழத்தை எடு" என்றாள் தெஸ்ஸி, முகத்தைப் பார்த்ததுமே.

"பாடம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்கக்கா."

"சொல்லாம என்ன? பாடத்துக்கா வேலை தர்றாங்க? மாவுல உருண்டு எழுந்து போ, அடுத்த தடவை நிச்சயம் வேலை. மூக்குக்கு ஒரு கிளிப்பும் மாட்டிக்கோ."

"விளையாடாதீங்கக்கா. வியாழக்கிழமை விசா முத்திரை முடியுது."

தெஸ்ஸி கரண்டியை வைத்துவிட்டாள். கம்போடிய எல்லை வரை பேருந்தில் போய், அந்தப் பக்கம் இறங்கி, இந்தப் பக்கம் ஏறி, பாஸ்போர்ட்டில் புது முத்திரை வாங்கி வருவதை ஜோவெலின் போதுமான தடவை செய்தாகிவிட்டது. சுற்றுலாப் பயணிக்கு இவ்வளவு நாள் சோன்புரியில் என்ன வேலை என்று போன முறை அதிகாரி கேட்டான். இன்னொரு தடவை வந்தால் உள்ளே விடமாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இனி பள்ளி ஒன்று வேலை அனுமதிக்குக் காகிதம் கொடுத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் கடல் தாண்டிச் சொந்த ஊரான கிமராஸ் தீவுக்கே திரும்ப வேண்டும். அங்கே அவள் ராஜினாமா செய்துவிட்டு வந்த வகுப்பில் வேறொருத்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். உள்ளதும் போன கதைதான்.

சாப்பிட உட்கார்ந்தபோது புருஷன் ஆர்னெல் அழைத்தான்.

"உன் பிளெக்ஸ் கிழிஞ்சு போச்சு ஜோவி. மழையில பாதி முகம் வெளுத்துடுச்சு, மீதியை ஆடு கடிச்சிடுச்சு."

அவள் கிளம்பும்போது பள்ளிக்கூட வாசலில் தெருவே சேர்ந்து கட்டிய பிளெக்ஸ் அது. பட்டமளிப்பு அங்கியில் அவள் படம், கீழே 'எங்கள் சர்வதேச ஆசிரியைக்கு வாழ்த்துகள்'.

"விடு, கழட்டிடு."

"கழட்டறதாவது! ஊர்த் தலைவர் புதுசா அடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டார். தேர்தல் வருதில்ல, உன் பக்கத்துல அவர் மூஞ்சியும் வருமாம். அங்க நீ கிளாஸ் எடுக்கற மாதிரி ஒரு போட்டோ கேட்டார். நம்ம பொண்ணும் தினமும் கேக்கறா, அம்மாவோட கிளாஸ் எப்படி இருக்கும்னு. வேலைக்குச் சேர்ந்துட்டேன்னு சொல்லி இவ்வளவு நாளாச்சு, ஒரு போட்டோ இல்லையே."

"அனுப்பறேன்" என்றாள் ஜோவெலின். தெஸ்ஸி தட்டைப் பார்த்தபடியே மாம்பழத்தை அறுத்தாள்.

புதன்கிழமை காலையில் நுய் அம்மாளே கூப்பிட்டாள். ஜோவெலின் ஈரத் தலையோடு ஓடினாள்.

ராட்கோ கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தான். தாடி மழித்து, புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பிள்ளைகள் அவன் முதுகில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் முழுகுகிறவன் மாதிரி கையாட்டினான்.

"அவரைப் பாத்து எட்டுப் பேர் புதுசா சேந்திருக்காங்க" என்றாள் நுய். "ஆனா பந்து, சிவப்பு தவிர ஒண்ணும் வரலை. பிளாய் மறுபடி விரலை வாயில வச்சுட்டா. உங்களைத்தான் கேக்கறா, வெங்காய டீச்சர் எங்கேன்னு. நீங்க வாங்க டீச்சர். உதவியாளர் வேலை. அனுமதிக் காகிதம் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

ஜோவெலினுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "பாடம் யார் நடத்தறது மேடம்?"

"நீங்கதான். ஆனா..." நுய் எழுந்து போய்க் கண்ணாடியின் உள்பக்கம், யானைப் படத்துக்குப் பின்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "இங்க உட்கார்ந்துக்கிட்டு நடத்துங்க. ராட்கோ நிக்கட்டும். நீங்க எழுந்தா வெளியே கேள்வி வருது."

"என்னை ஒரே ஒரு மாசம் நிக்க வச்சுப் பாருங்க. பிள்ளைங்க பேசறதைக் கேட்டா அவங்களே ஒத்துக்குவாங்க."

"நான் ஒத்துக்குவேன் டீச்சர். உங்க பாடத்துக்கு அப்புறம் ரெண்டு பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. வாடகை யார் கட்டறது?"

வெங்காயக் கூடையை அந்த மேசைமேல் கவிழ்த்துவிட்டுப் போகலாம் போலிருந்தது. போனால் நாளை வியாழக்கிழமை. கையெழுத்துப் போட்டாள்.

வெளியே ராட்கோ அவளைப் பிடித்துக்கொண்டான். காது வரை சிவந்திருந்தான்.

"டீச்சர், நான் கேக்கலை இது. நான் பொம்மை, கடையில துணி போட்டு நிக்க வைப்பாங்களே, அது. நான் போயிடறேன்?"

"நீங்க போனா இன்னொரு பொம்மை வரும். அதுக்கும் நான்தான் ஊக்கு தரணும்" என்றாள். "வாங்க. நான் பொருளை எடுத்தா நீங்களும் அதையே எடுங்க. வாயை மட்டும் அசைங்க, சத்தம் வேண்டாம்."

வகுப்பு தொடங்கியது. முக்காலி அவளுக்கு மிகத் தாழ்வு. முழங்கால் தாடையைத் தொட்டது. யானையின் முதுகு சரியாக அவள் உச்சந்தலை உயரத்தில் இருந்தது. அவள் முட்டையை எடுத்தாள், மேலே ராட்கோ முட்டையை எடுத்தான். அவள் கேட்டாள், மேலே அவன் வாய் அசைந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் நடிக்கத் தெரியவில்லை. குரல் வருகிற இடத்தைத்தான் பார்த்தன.

பிளாயின் முறை வந்தது. அவளே எழுந்து, யாரும் மாம்பழத்தை நீட்டாமலேயே, ஆங்கிலத்தில் சொன்னாள்: எனக்கு இரண்டு வெங்காயம் வேண்டும், என் அம்மாவுக்கு.

அம்மாவுக்கு என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜோவெலின் தன்னை மறந்து எழுந்து கைதட்டினாள்.

கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். வரவேற்புப் பெண் சிரித்த முகத்தோடு உள்ளங்கையை மெல்லக் கீழே அமுக்கிக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் புதுப் பெற்றோர் கைப்பேசிகளை உயர்த்தியிருந்தார்கள். ஜோவெலின் உட்கார்ந்தாள். பிளாயும் என்ன தப்பு செய்தோமென்று புரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பள்ளியின் இணையப் பக்கத்தில் படம் வந்தது. நடுவில் ராட்கோ, கை விரித்து, வாய் திறந்து. எதிரே வரிசையாகப் பிள்ளைகள். இருந்தது அந்த ஒரு படம்தான். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி வெகுநேரம் யோசித்துவிட்டு ஜோவெலின் அதை ஊருக்கு அனுப்பினாள். இதுதான் என் வகுப்பு என்று எழுதினாள். அதில் பொய் இல்லை.

ஆர்னெல் உடனே கூப்பிட்டான். பின்னால் மகள் குரலும் கேட்டது.

"அடேயப்பா, ஏசி எல்லாம் இருக்கு! ஆமா, நீ எங்க நிக்கறே?"

"அங்கதான் இருக்கேன்."

"தேடிட்டோம், காணோமே. உன் பொண்ணு என்னவோ கேக்கறா பாரு." கைப்பேசி கை மாறியது.

"அம்மா, அந்த ஆள் அவ்ளோ பெரிசா கத்தறாரு. ஒருத்தர்கூட அவரைப் பாக்கலையேம்மா. எல்லாரும் கீழே எதைப் பாக்கறாங்க?"

ஜோவெலின் படத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கினாள். யானையின் முதுகுக்கு மேலே மெல்லிசாய்க் கறுப்பாக ஏதோ தெரிந்தது, அவள் உச்சித் தலைமுடி. தெரியாதவர்கள் பார்த்தால் அதையும் யானைப் படத்தோடு சேர்த்து ஒட்டியது என்றுதான் நினைப்பார்கள்.