தனி மைக்

அண்ணன் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவான். நானும் பாடுவேன். ஒன்பது வருஷமாக இருவருக்கும் ஒரே மைக். யார் குரல் எடுபட வேண்டுமோ அவர் ஒரு அடி முன்னே வர வேண்டும், மற்றவர் பின்னே நகர வேண்டும். அண்ணன் பின்னே நகர்ந்த சரித்திரமே கிடையாது. நான்தான் அவன் தோள் இடுக்கில் தலையை நீட்டிப் பாடுவேன்.

சனிக்கிழமை ஒரு புத்தகக்கடை மாடியில், நாற்பது நாற்காலிகளுக்கு முன்னால் பாட வேண்டும். அங்கே ஓர் அம்மா வருவதாக இருந்தது. தன் அரங்கில் தனியாகப் பாட ஒரு பெண்ணைத் தேடுகிறார். என் பாட்டைக் கேட்கத்தான் வருகிறார் என்பதை அண்ணனிடம் மறைத்துவிட்டேன். தெரிந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், வீடே தாங்காது.

அதனால் மைக் கடையில் பிடிவாதம் பிடித்தேன். "எனக்குத் தனி மைக் வேணும்ண்ணா."

"வாங்கிட்டாப் போச்சு" என்றான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கடைக்காரர் ஸ்டாண்டில் மாட்டும் மைக்கை எடுத்து வைத்தார். அண்ணன் அதை ஒதுக்கிவிட்டு, காதில் மாட்டினால் கன்னத்தோடு ஒட்டி நிற்கும் மைக்கை எடுத்தான்.

"சின்ன இடம். ரெண்டு ஸ்டாண்டு எங்க வைக்கிறது? இதை மாட்டிக்க. முன்னாடி போனாலும் பின்னாடி போனாலும் ஒரே சத்தம்தான்."

"ஸ்டாண்டே இருக்கட்டுமே..."

"தனியா கேட்ட. இது தனிதானே? வேற என்ன வேணும் உனக்கு?"

என்ன வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்? "பெரிய பாடகிங்கல்லாம் இதைத்தான் கேக்கறாங்க" என்று கடைக்காரர் வேறு ஒத்து ஊதினார்.

சனிக்கிழமை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியை அண்ணன் தன் பக்கத்து ஸ்டூலில் வைத்தான். என் மைக்குக்கான திருகைக் கால்வாசி மட்டும் திருப்பி, மேலே டேப் ஒட்டினான். "ஏத்தினா ஸ்பீக்கர் கூவும். யாரும் தொட வேணாம்."

அந்த அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். என் வரி வந்ததும் பழக்கதோஷத்தில் ஓர் அடி முன்னே வைத்தேன். குரல் கூடவில்லை. இன்னொரு அடி வைத்தேன். மைக்கும் கூடவே வந்தது. கத்திப் பார்த்தேன், சுருதி போனது. எனக்கிருந்த ஒரே ஓர் அடியையும் நானே கேட்டுத் தொலைத்துவிட்டேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனாலும் சிரித்த முகத்தோடுதான் பாடி முடித்தேன்.

முடிந்ததும் அந்த அம்மா எங்களிடம் வந்தார். "உங்க குரலுக்குத் தங்கச்சி எவ்வளவு பாந்தமா துணை குடுக்கறாங்க" என்றார் அண்ணனிடம். "ரெண்டு பேரும் பிரியவே கூடாது."

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அவர் போனதும், என் கன்னத்திலிருந்து மைக்கைப் பத்திரமாகக் கழற்றினான்.

"பாத்தியா? இனிமே நீ இடுக்குல எட்டிப் பாக்கவே வேணாம்."